துரைசாணி படமும் அழிந்துபோன நாற்பத்தொன்றும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. என் தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன என் கடைசி மகள் என்னிடம் விட்டுவிட்டுப் போன பெண் குழந்தை ஒன்று, எல்லாம் சேர்த்து ஏழு. இந்த ஏழு பேரைப் பற்றி இன்றுவரை யாரும் என் வாசலுக்கு வந்து ஒரு குறை சொன்னதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை ஒரு தடவை என்னை என்ன செய்ய வைத்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்த கை இது. ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்திவிடாதீர்கள்.

நடந்தது நான்கு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதத்தில், கொல்லிமலையில். பெரக்கரை நாட்டில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் மேலே ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. சேலத்தில் காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு ஐயாவும் அவர் சம்சாரமும் ஆசைப்பட்டு வாங்கிய வீடு. சுற்றிலும் சில்வர் ஓக் மரம், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. மாதத்துக்கு ஒரு தடவை வருவார்கள், நாலு நாள் இருப்பார்கள், போய்விடுவார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டுச் சாவி என் இடுப்பில். கூட்டுவது, துடைப்பது, மிளகு பறித்துக் காயவைப்பது எல்லாம் நான்தான். என் கண்ணுக்குத் தப்பி அந்த வீட்டில் ஒரு ஒட்டடை இருக்க முடியாது.

ஒரு வருஷம் அந்த அம்மாவும் ஐயாவும் லண்டனில் இருக்கிற மகனைப் பார்க்கப் போய்வந்தார்கள். வரும்போது ஒரு படம் கொண்டுவந்து கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். பஞ்சைக் குவித்து வைத்த மாதிரி தலைமுடி, அதன்மேல் ஒரு தொப்பி, தரையில் புரளும் வெள்ளைக் கவுன், முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் மாதிரி, எப்போது எழுந்து போவோம் என்கிற ஒரு பார்வை. எனக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டினால் அது சாமியாக இருக்க வேண்டும், இல்லை வீட்டில் இறந்துபோனவர்களாக இருக்க வேண்டும். இவள் சாமி இல்லை என்று பார்த்தாலே தெரிகிறது. மகன் வெள்ளைக்காரியைக் கட்டியிருந்தான், அந்த வகையில் ஏதோ சம்பந்தி வீட்டுப் பெரிய மனுஷி போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வெள்ளிக்கிழமை கண்ணாடியைத் துடைத்து, நெற்றி இருக்கிற இடம் பார்த்துச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சார்த்திவிட்டேன்.

அந்த அம்மா வந்து பார்த்தார்கள் பாருங்கள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"ஏங்க, இங்க வாங்களேன்! நம்ம துரைசாணிக்குப் பொட்டு வெச்சாச்சு!"

"ஏனுங்கம்மா, உங்க சம்பந்தி ஊட்டு ஆத்தா இல்லீங்களா?" என்றேன்.

"இல்லவே இல்ல. இவ யாருன்னே எங்களுக்குத் தெரியாது. இருநூத்தம்பது வருசத்துக்கு முந்தி அந்த ஊர்ல ஒருத்தர் வரைஞ்ச படம். மனுசங்க முகத்தை வரையறதுல பெரிய கெட்டிக்காரராம்."

"யாருன்னே தெரியாதவளுக்கா இத்தன பெரிய சட்டம்?"

"இவ பார்வை எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றார்கள். எனக்குப் பிடித்ததுதான் அவர்களுக்கும் பிடித்திருக்கிறது என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். பொட்டை அழிக்கப் போனேன். "இருக்கட்டும் விடுங்க, அழகாத்தான் இருக்கா" என்றார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் துரைசாணி. வரைந்தவர் பெயரை ஐயா சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்த அம்மா காலமாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஐயா மட்டும் வருவார். கார் மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி முதல் வளைவு ஏறும்போதே போன் செய்வார், "பால் வாங்கி வையுங்கம்மா" என்று. வந்தால் துரைசாணிக்கு எதிரில்தான் நாற்காலியைப் போடுவார்.

நான் சொல்ல வந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விடாத மழை. மலையில் வெயில் மறந்தே போய்விட்டது. மாசியில்தான் நல்ல வெயில் வந்தது. படத்தைத் துடைக்கும்போது பார்த்தேன், கண்ணாடிக்கு உள்பக்கம் பூசணம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. முதுகுப் பக்கம் திருப்பினால் அட்டை ஊறிப்போய் உப்பியிருக்கிறது. ஐயா வருவதற்குள் துரைசாணியின் முகத்தில் பூசணம் ஏறிவிட்டால்? சனிக்கிழமை காலையில் ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தைக் கழற்றினேன். படத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு ஒரு தடித்த வெள்ளை அட்டை ஓரம் கட்டியிருந்தது. அதையும் எடுத்தேன். துவைத்த வேட்டியைக் கட்டிலில் விரித்து, காகிதத்தைப் பூப்போல எடுத்து அதன்மேல் போட்டேன். நல்ல காகிதம், துணி மாதிரி கனம். அப்போது வாசலில் தூறல் சத்தம் கேட்டது. மிளகு காய்ந்துகொண்டிருக்கிறது! படத்தை முழுசாகப் பார்க்கக்கூட இல்லை, ஓடினேன்.

மிளகை வாரித் தார்ப்பாயில் மூடிவிட்டுத் திரும்பி வந்தால், கட்டில் பக்கத்தில் என் பேத்தி, கடைசி மகள் விட்டுவிட்டுப் போன அந்தப் பெண், மண்டி போட்டிருக்கிறாள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. லீவு நாளில் என்னோடு அங்கே வருவாள். கையில் பென்சில், மடியில் நோட்டு. படத்தின் கீழ் ஓரத்தைப் பார்க்கிறேன், பென்சிலால் எழுதியிருக்கிறது! இடது பக்கம் நாற்பத்தொன்று, ஒரு சாய்ந்த கோடு, அப்புறம் இருநூறு. வலது பக்கம் நூல் சிக்குப் பிடித்த மாதிரி ஒரு கிறுக்கல்.

எண் எனக்கு நன்றாகவே வாசிக்க வரும். அந்த வாரம் முழுக்க அவள் வாயில் பின்னக் கணக்குதான். மேலே ஒரு எண், கோடு, கீழே ஒரு எண். சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"என்னடி பண்ணி வெச்சிருக்கற?"

"ஒண்ணும் பண்ணல அம்மாயி. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப இது என்ன? ஊரான் ஊட்டுப் படத்துலயா கணக்குப் போடுவ?"

"அது முன்னாலயே இருந்துச்சு."

"முன்னாலயே இருந்துச்சா? இந்தப் படத்தத் தொடைக்கறவ நானா, நீயா? இத்தன வருசமா என் கண்ணுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

"நான் கிறுக்கல அம்மாயி."

தலையில் இரண்டு குட்டு வைத்தேன். கிறுக்கியதற்கு ஒன்று, பொய் சொன்னதற்கு ஒன்று. எண்ணித்தான் வைத்தேன். ரப்பரை எடுக்கச் சொன்னேன். "உங் கையாலயே அழி" என்றேன். அவள் அழுதுகொண்டே அழித்தாள். மூக்கை உறிஞ்சினாள், ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீரைக் காகிதத்தில் விழ விடவில்லை, புறங்கையால் துடைத்துத் துடைத்து அழித்தாள். அதை அப்போது நான் பார்த்தேன். அதற்கு அர்த்தம் என்ன என்று யோசிக்கத்தான் இல்லை.

இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, புது அட்டை வைத்து, வெள்ளை ஓரத்தைப் பொருத்தி, ஆணி அடித்து மாட்டிவிட்டேன். பளிச்சென்று இருந்தது. திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயடியில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "லட்சணமா வளத்தறமுன்னு நெனச்சா, துரைசாணி படத்துல கணக்குப் போட்டு வெச்சிருக்கறா. அவ கையாலயே அழிக்க வெச்சேன் பாரு" என்றேன். எல்லாரும் "அதானே, நீங்க வளத்தறதுன்னா சும்மாவா" என்றார்கள். என் பேத்தி குடத்தோடு பக்கத்தில்தான் நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்கு வரவில்லை. கோபமாகப் பேசவில்லை, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிட்டால், "எழுதறதுக்கு இருக்குது, நீ போ அம்மாயி" என்பாள். அவ்வளவுதான்.

பங்குனியில் ஐயா வந்தார். காபியைக் கையில் கொடுத்துவிட்டு நானே ஆரம்பித்தேன். பூசணம் பிடித்தது, ஆணி பிடுங்கியது, வேட்டி விரித்தது எல்லாம் சொன்னேன். ஐயா சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல காலம், நீங்க பாத்தீங்க" என்றார். அதோடு நான் நிறுத்தியிருந்தால் வெள்ளை அட்டைக்கு அடியில் இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் நிறுத்துகிற ஆளா?

"அதுக்குள்ள எம் பேத்தி பென்சில்ல கிறுக்கி வெச்சுட்டாளுங்க. உடமாட்டனே! ரப்பர் போட்டுச் சுத்தமா அழிக்க வெச்சுட்டனுங்க. தடமே தெரியாது."

ஐயா காபியைக் கீழே வைத்தார்.

"எங்கம்மா கிறுக்கினா?"

"கீழ ஓரத்துலீங்க. நாப்பத்தொண்ணு, இருநூறுன்னு ஏதோ கணக்கு."

அவர் எழுந்து படத்தை இறக்கினார். குறடு கேட்டார், கொடுத்தேன். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். காகிதத்தை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது, அழித்த இடத்தில் பென்சில் அழுந்திய பள்ளம் மட்டும் மெலிசாகத் தெரிந்தது.

"இது கணக்கு இல்லம்மா" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தப் படத்தை வரைந்தவர் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். அவர் வரைந்ததைப் பார்த்து இப்போது நல்ல காகிதத்தில் இருநூறே இருநூறு அச்சுப் போட்டார்களாம். இருநூறோடு நிறுத்திவிட்டார்களாம். அதில் இது எத்தனையாவது என்று அச்சுப் போட்டவர் தன் கையால் பென்சிலில் எழுதி, எதிர்ப்பக்கம் கையெழுத்தும் போடுவாராம். காட்டு மரத்துக்கு ஃபாரஸ்ட்காரர்கள் நம்பர் போடுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். இத்தனை வருஷமும் அது அந்த வெள்ளை அட்டைக்கு அடியில் ஒளிந்திருந்திருக்கிறது.

"நம்பர் தானுங்களேய்யா, மறுபடியும் எழுதிக்கலாமுங்க. எம் பேத்தி எழுத்து முத்து முத்தா இருக்கும்."

"நாம எழுதினா அது பொய்ம்மா" என்றார். காகிதத்தைக் கையில் பிடித்தபடியே சொன்னார், "லண்டன் கடையில என் சம்சாரம் அரை மணி நேரம் நின்னு ஒவ்வொண்ணா பொரட்டினா. என்ன தேடறேன்னு கேட்டா சொல்லல. நாப்பத்தொண்ணு கிடைச்சதும் எடுத்துக்கிட்டா. அந்த வருசம் எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பத்தொரு வருசம்."

நான் கீழே கிடந்த ஆணிகளைப் பொறுக்கினேன்.

"குழந்தைய அடிச்சீங்களா?" என்றார்.

"ரெண்டு குட்டுங்க."

காபியில் ஆடை படிந்துவிட்டது. அதை அவர் குடிக்கவே இல்லை.

வீட்டுக்கு இறங்கும் வழியில் எனக்கு அந்த நாற்பத்தொன்றை விட வேறொன்றுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. 'நான் கிறுக்கல அம்மாயி.' ஒரே தடவைதான் சொன்னாள். அதற்கு மேல் அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை, அந்த வீட்டு விஷயம் மட்டும் இல்லை, பள்ளிக்கூடத்து விஷயம்கூட. ஒரு மாதமாக எங்கள் வீட்டில் பேச்சு இல்லாததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சின்னவர்களிடம் 'என் தப்பு' என்று சொல்கிற பழக்கம் கிடையாது. அடித்துவிட்டோமா, மறுநாள் ஏதாவது பலகாரம் செய்து கையில் கொடுப்போம். பிள்ளைகளும் வாங்கித் தின்பார்கள். அதோடு கணக்குத் தீர்ந்தது. எங்கள் அம்மா எனக்கு அப்படித்தான் செய்தாள், நான் ஏழு பேருக்கும் அப்படித்தான் செய்தேன். அடுத்த நாள் காலையில் தினையை இடித்து மாவாக்கி, மலைத்தேன் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துக் கிண்ணத்தில் வைத்தேன்.

அவள் ஒரு உருண்டையைப் பொறுமையாகத் தின்றாள். தண்ணீர் குடித்தாள்.

"மாவு நல்லாருக்குது அம்மாயி. நான் கிறுக்கலைன்னு எப்பச் சொல்லுவ?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாய் வரைக்கும் கோபம் வந்தது, வாயில் நின்றுகொண்டது. உண்மை எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். மாவு இடிக்கிற சத்தத்திலேயே தெரிந்திருக்கும்.

"நீ கிறுக்கல கண்ணு. அம்மாயிதான் தெரியாம அடிச்சுட்டேன்."

"எங்கிட்டச் சொன்னாப் போதுமா? கொழாயடியில எல்லார்த்துகிட்டயும் சொன்னீல்ல?"

போனேன். குடம் கூட எடுக்காமல் போனேன். ஆறு பேர் நின்றார்கள். ஆணி பிடுங்கியதிலிருந்து நாற்பத்தொன்று வரைக்கும் சொன்னேன். குழாயில் தண்ணீர் தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது, யாரும் மூடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏனுங்கக்கா, உங்களுக்குக்கூடத் தப்பு வருமுங்களா? இன்னைக்கு மழ வருமாட்ட இருக்குதே!"

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, "அப்ப நம்மூட்டுப் பசங்களக் கேக்காம அடிக்கக் கூடாதாட்ட இருக்குதுடி" என்றாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. திரும்பினால் பேத்தி பின்னால் நிற்கிறாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு மாதத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ஐயாகிட்டயும் போலாமா அம்மாயி?" என்று கேட்டது அவள்தான். வீட்டுக்குள் போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான் சாவிக்கொத்தை ஐயாவின் மேஜை மேல் வைத்தேன். "நம்பி உட்ட ஊட்டுல இப்படிப் பண்ணிட்டனுங்க. இனி வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் பேத்தி நோட்டைக் கடைசிப் பக்கத்தில் விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

துரைசாணி. பஞ்சுத் தலை, தொப்பி, கவுன், மரம் எல்லாம் பென்சிலில். மூக்கு கொஞ்சம் கோணல். பார்வை மட்டும் அப்படியே, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவளின் பார்வை. படத்துக்குக் கீழே, இடது ஓரத்தில் நாற்பத்தொன்று, சாய்ந்த கோடு, இருநூறு. வலது ஓரத்தில் அந்தக் கையெழுத்து, சிக்கு சிக்காக, ஒரு சுழி விடாமல்.

நான் மிளகு வாரப் போன நேரத்தில் அவள் பென்சிலோடு செய்துகொண்டிருந்தது அதுதான். அன்றைக்கு அந்த நோட்டு அவள் மடியில் விரிந்துதான் இருந்தது. நான் குனிந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

ஐயா கையெழுத்தின் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பக்கத்தை எனக்குக் குடுப்பியா கண்ணு?"

"பின்னாடி கணக்கு இருக்குதுங்க தாத்தா. பரீட்சை முடியட்டும், தாரேன்."

அப்போதுதான் அவர் சிரித்தார். சாவிக்கொத்தை என் பக்கம் தள்ளினார். "மிளகு இன்னும் ரெண்டு வெயில் காயணும்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? வெளிய மேகம் போடுது, போய்ப் பாருங்க" என்றார். ஓடினேன்.

பரீட்சை முடிந்ததும் அவள் சொன்ன சொல் தவறாமல் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள். ஐயா அதைப் படத்துக்குப் பின்னால் வைத்து ஆணி அடித்தார். முன்னால் துரைசாணி, பின்னால் அவளைப் பார்த்து வரைந்த துரைசாணி. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்போதும் வெள்ளிக்கிழமை துடைக்கும்போது கண்ணாடிக்குப் பொட்டு வைக்கிறேன், சட்டத்தின் முதுகுக்கும் ஒன்று வைக்கிறேன். அழிந்துபோனது அழிந்துபோனதுதான், அதற்கு நான் சமாதானம் தேடவில்லை.

ஏழு பேர் மேலும் ஒரு குறை வந்ததில்லை என்று முதலில் எழுதினேன் அல்லவா? இதை எழுதிக்கொண்டு வந்த இந்தப் பத்து நாளில், மற்ற ஆறு பேரும் எத்தனை தடவை 'நான் இல்லம்மா' என்று சொல்லியிருப்பார்கள், எத்தனை தடவை நான் நோட்டைப் பார்க்காமலே குட்டிவிட்டு மறுநாள் மாவு இடித்திருப்பேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். கணக்கு வரவில்லை. அவர்கள் யாரும் என் பேத்தி மாதிரி திருப்பிக் கேட்கவில்லை. குறை இல்லாமல் இல்லை, சொல்ல எனக்கு முன்னால் ஆள் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

குழாயடியில் ஆறு பேர்தான் கேட்டார்கள். அது எனக்குப் போதவில்லை, அதனால்தான் இதை எழுதினேன். பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குத் தெரியாமல், அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்துத்தான் எழுதினேன். இதோ, பஸ் வந்துவிட்டது, அவள் இறங்கி மேடேறி வருகிறாள். வந்ததும் காகிதத்தைக் கையில் கொடுத்துச் சொல்லப் போகிறேன்: "கண்ணு, அம்மாயி எழுதுனது சரியா இருக்குதான்னு ஒருக்காச் சத்தமா வாசி. உன்னை நம்பாத எடம் ஒண்ணு வரும், எனக்காக அத முழுங்கிராத. அதையும் வாசி."